நாற்பத்திரண்டில் ஒரு வெற்றுச் சீட்டு

மார்ச் 3

வக்கீலம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் ஏழு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. உன் அண்ணன்தான், "லெட்டர் போடு. அதைக் கட் பண்ண முடியாதுல்ல" என்றார். பாய்லர் அறையில் இத்தனை வருடம் வெந்தும் அவர் மூளை இன்னும் வேலை செய்கிறது.

மூன்று வருடமாக நீ பேசாமல் இருப்பதைப் பற்றி எழுதப் போவதில்லை. எனக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துவைக்க நம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இப்போது ஆள் இல்லை.

சங்கச் செயலாளர் தேர்தல் இந்த மாதம் முப்பதாம் தேதி. நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் உனக்கு நன்றாகத் தெரிந்த சரிங்கசார். போன தேர்தலில் உன்னை ஜெயித்தாரே, அன்றிலிருந்து அவர்தான் செயலாளர். இன்னும் மாறவில்லை. சூப்பிரண்டு வாயைத் திறப்பதற்குள் "சரிங்க சார்" என்று சொல்லிவிடுகிறார். போன மாதம் சூப்பிரண்டு தும்மினார், அதற்கும் சொன்னார். இன்னொருவர் உலர்த்தும் பகுதி மைக்செட். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போனால், உலகத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்பதில் ஆரம்பிப்பார். முடிக்கும்போது ஷிப்ட் முடிந்துவிடும், குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தேர்தலை நடத்தும் பொறுப்பு என் தலையில். எப்படி என்று கேட்கிறாயா? கூட்டத்தில், எந்தப் பக்கமும் சாயாத ஆளாக வேண்டும் என்றார்கள். உடனே ஸ்டோர்காரர் எழுந்து, "அதுக்குத்தான் நம்ம வெத்துச்சீட்டு அக்கா இருக்காங்களே!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உன் தேர்தலில் நாற்பத்திரண்டு பேர் ஓட்டுப் போட்டு, அவருக்கு இருபத்தொன்று, உனக்கு இருபது, ஒன்று மட்டும் எதுவும் குறிக்காத வெற்றுச் சீட்டு. அது என்னுடையது என்று சலவைக்கூடம் முழுக்கத் தெரியும். அதுவே எனக்குப் பட்டப்பெயராகி, இப்போது பதவியும் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

தினமும் யாராவது வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ரெண்டு பேரையும் பிடிக்கலைன்னா நாங்க என்னதான் பண்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் நீ. சொல்லேன்.

இங்கே எல்லோரும் சுகம். உன் அறையில் உன் அண்ணன் சைக்கிளை நிறுத்தினார், நான் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணி

&nbsp;

மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

வெற்றுச் சீட்டைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. அந்த வித்தையில் உங்களைவிடக் கைதேர்ந்தவர் யார்? இருந்தாலும், கேட்டுவிட்டீர்கள்.

பிடிக்காதவர்கள் வராமலே இருக்கலாம். ஆனால் வராதவர் கோபத்தில் வரவில்லையா, தூங்கிப்போனாரா என்று யாருக்கும் தெரியாது. வந்து, இருவரில் யாரால் தொல்லை குறைவு என்று பார்த்துப் போடலாம். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள், பிறகு வருடம் முழுக்கப் புலம்புகிறார்கள். சீட்டில் தனக்குப் பிடித்த வேறு ஒருவர் பெயரை எழுதலாம். நம் சங்கத்தில் அது செல்லாது, எழுதியவருக்குத் திருப்தி, அவ்வளவுதான். சீட்டை வாங்கி எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குத் தைரியம் வேண்டும், ரகசியமும் போய்விடும். இல்லையென்றால் ஒன்றும் குறிக்காமல் மடித்துப் போடலாம். அப்படிப் போடுகிறவர் குளித்துக் கிளம்பி, வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, திரைக்குப் பின்னால் போய், "இவங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வருகிறார். வராமல் இருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

தானே மனுப் போட்டு நிற்பது இன்னொரு வழி. கடைசித் தேதி போயிருக்கும். போகாவிட்டாலும் யாரும் செய்யமாட்டார்கள், குறை சொல்வது சுலபம்.

உங்களுக்கு வேண்டியது விதி பதினான்கு. புத்தகத்தின் கடைசி அட்டைக்கு முந்தைய பக்கம். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது செல்லக்கூடிய ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்தல் செல்லாது, புதிதாக மனு வாங்க வேண்டும். அந்தப் பக்கம் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிளேடால் மெதுவாகப் பிரியுங்கள்.

ஹோட்டல் சலவையில் வேலை பரவாயில்லை. மேஜை விரிப்புதான் அதிகம். ரத்தக்கறை கிடையாது, குழம்புக்கறை மட்டும்தான்.

சைக்கிள் என் அறையிலேயே இருக்கட்டும். நான் வரப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 14

வக்கீலம்மா,

பக்கம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிளேடு வைத்துப் பிரித்தேன், ஒரு மூலை மட்டும் கிழிந்தது. விதி பதினான்கு அப்படியே இருக்கிறது! நேற்று சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரையும் துணி மூட்டைகள் மேல் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன்.   இயந்திரங்கள் சுற்றுகிற சத்தத்தையும் மீறி ஒரே கூச்சல்.

"அப்ப நாம யாருக்கும் போடாட்டி, இவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுவாங்களா?" என்று இஸ்திரிப் பகுதியில் ஒருத்தி கேட்டாள். வீட்டுக்குப் போகமாட்டார்கள், மறுபடி மனுப் போடலாம், ஆனால் வேறு ஆட்களும் போடலாம் என்றேன். "அப்ப மறுபடி இவங்களே வந்து நின்னா?" மறுபடி வெற்றுச் சீட்டு. "எத்தனை தடவை?" விதியில் எண்ணிக்கை இல்லை. மைக்செட் எழுந்து இது ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று ஆரம்பித்தார், நல்லவேளை மணி அடித்துவிட்டது. சரிங்கசார் மட்டும் என்னிடம் தனியாக வந்து, "சூப்பிரண்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றார்.

பிரிக்கும் அறையில் கண்ணாடியக்கா இருக்கிறாளே, வார்டுத் துணியைப் பிரிக்கும்போது அவள் கையில் மறுபடி ஊசி குத்திவிட்டது. இந்த வருடத்தில் இரண்டாவது தடவை. கையுறை இன்னும் அதே மெல்லிய கையுறைதான். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவள் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. முடிவில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? செயலாளர் தேர்தல் என்று நாம் விளையாடுவது இதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது ஒன்று சொல்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கைதேர்ந்தவர் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அந்த வெற்றுச் சீட்டு என்னுடையது இல்லை.

தேர்தலுக்கு முன்னால் நான், "ரெண்டு பேரும் எனக்கு வேண்டாம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது நிஜம். எண்ணி முடித்தபிறகு நீ வீட்டுக்கு வந்து, "வீட்டுக்குள்ளயே ஒருத்தி வெத்துச் சீட்டுப் போடுவா, நான் எப்படி ஜெயிக்கிறது?" என்று கத்தியபோது, நான் ஆமாம் என்று தலையாட்டியதும் நிஜம். ஆனால் நான் போடவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இஸ்திரிக்காரியா? ஸ்டோர்காரரா? யார் அது? தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

அண்ணி

&nbsp;

மார்ச் 19

அண்ணி,

அது உங்களுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள். செய்யாத ஒன்றுக்கு ஏன் தலையாட்டினீர்கள்? அன்றைக்கு நான் கத்தினேன், நீங்கள் தலை குனிந்தீர்கள், அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் எதிர்பார்த்தது சண்டை. "நான் போடலை" என்று நீங்கள் கத்துவீர்கள், அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள். பத்தாம் நாள் ரயில் ஏறும்போதும் அந்தத் தலையாட்டல்தான் கண்ணில் நின்றது. மூன்று வருடமாக எனக்கும் அதே குறுகுறுப்புதான்.

கண்ணாடியக்காவின் கை எப்படி இருக்கிறது? கட்டாயம் எழுதுங்கள்.

நா.

&nbsp;

மார்ச் 23

வக்கீலம்மா,

குறுக்கு விசாரணை செய்கிறாய். சரி, கூண்டில் ஏறிவிட்டேன், கேள்.

நான் சரிங்கசாருக்குப் போட்டேன்.

எழுதிவிட்டேன். இந்த வரியைப் பார்த்தாலே கை கூசுகிறது. நீ கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவாய், அதற்கு முன் நானே சொல்கிறேன்: நான் மாற்றிப் போட்டிருந்தால் உனக்கு இருபத்தொன்று, அவருக்கு இருபது. நீ ஜெயித்திருப்பாய். அதனால்தான் தலையாட்டினேன். வெற்றுச் சீட்டு என்றால் 'பிடிவாதக்காரி' என்று சொல்வார்கள். நான் செய்தது தெரிந்தால் அதற்குச் சொல்வதற்கு வார்த்தையே இல்லை. யாரோ தெரியாத ஒருவர் போட்டுவிட்டுப் போன வெற்றுச் சீட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஏன் போட்டேன்? அவரைப் பிடித்தா போட்டேன்! அவரை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது. உன்னையும் அன்றைக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்த அலமாரியில் எது இருக்க வேண்டும், எந்த ஜன்னலை எப்போது மூட வேண்டும், எல்லாம் நீ சொல்வதுதான் சட்டம். நீ சொல்வது சரியாகவும் இருக்கும், அதுதான் கொடுமை. உன் அண்ணன் ஒரு நாளும் எனக்காக வாய் திறந்ததில்லை. திரைக்குப் பின்னால் பேனாவோடு நின்றபோது ஒன்றுதான் தோன்றியது: வீட்டிலும் இவள், வேலையிலும் இவள் என்றால் நான் மூச்சுவிடுவது எங்கே? குறித்தேன், மடித்தேன், போட்டேன். வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வேர்க்குது அண்ணி" என்றாய். அந்த நிமிடமே பெட்டியை உடைத்துச் சீட்டை எடுத்துவிடலாமா என்று இருந்தது.

நீ போனபிறகு வீடு என் இஷ்டப்படி ஆனது. அலமாரியை மாற்றினேன். ஒரு மாதத்தில் பழையபடியே வைத்துவிட்டேன், அதுதான் வசதியாக இருந்தது.

இந்த லட்சணத்தில் என்னைத்தான் எந்தப் பக்கமும் சாயாதவள் என்று பெட்டியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். முப்பதாம் தேதிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. சொன்னால் தேர்தலே குழம்பிவிடுமோ என்று பயம். இல்லை, அது சாக்கு. என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் பயம்.

கண்ணாடியக்காவின் கை ஆறிவிட்டது. உன் முறை. உனக்கு எப்படித் தெரியும்?

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 1

வக்கீலம்மா,

ஒன்பது நாளாகப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுது, தாங்கிக்கொள்கிறேன். ஒன்றும் எழுதாமல் விட்டால் நான் என்னத்தை நினைப்பது?

தேர்தல் முடிந்தது. அதையாவது சொல்கிறேன்.

வழக்கம்போல துணி ஸ்டோரில்தான். படுக்கை விரிப்பைக் கட்டித் திரை, சோப்புத்தூள் டிரம் மூடியில் ஓட்டை போட்டுப் பெட்டி. துணியில் குறி போடும் அதே பேனா. அதன் மை காகிதத்தின் மறுபக்கம் தெரியும் என்பதால் சீட்டை நாலாக மடிக்கச் சொன்னேன். உறுப்பினர் நாற்பத்திரண்டில் நாற்பது பேர் வந்தார்கள். வராத இருவரில் ஒருவர் கோபம், ஒருவர் தூக்கம், இரண்டையும் விசாரித்துவிட்டேன்.

எல்லோர் முன்னாலும் எண்ணினேன். சரிங்கசாருக்கு ஒன்பது. மைக்செட்டுக்கு ஏழு. மிச்சம் இருபத்து நான்கு செல்லாதவை. அதில் பத்தொன்பது சுத்தமான வெற்றுச் சீட்டு. ஒன்றில் இருவர் பெயரையும் அடித்து, கீழே 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தது. ஒன்றில் கையுறைப் படம், ஐந்து விரலும் அழகாக. இரண்டில் கண்ணாடியக்காவின் பெயர். ஒன்றில் என் பெயர். அதைப் பார்த்தபோது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டோர்காரர், "என்னக்கா, படிக்க முடியலையா?" என்றார்.

செல்லும் ஓட்டு மொத்தம் பதினாறு, தேவை இருபத்தொன்று. விதி பதினான்கின்படி தேர்தல் செல்லாது என்று அறிவித்தேன். சரிங்கசார் முகத்தில் ஒரு நிம்மதி, நிஜமாகச் சொல்கிறேன். மைக்செட் ஐந்து நிமிடம்தான் பேசினார்.

உண்மையை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முடியவில்லை.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 6

அண்ணி,

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஒரு மேஜை விரிப்பைக் கருக்கிவிட்டேன். இரண்டு நாள் உங்களைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் திட்டுவதற்கு வாய் வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. நாலு தாளை எழுதி எழுதிக் கசக்கிப் போட்டேன்.

வெற்றுச் சீட்டு என்னுடையது.

போன தேர்தலுக்கு முதல் நாள் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீ ஜெயிச்சாலும் சரி, அவர் ஜெயிச்சாலும் சரி, தடிமனான கையுறை இந்த வருஷமும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது. மேலேயிருந்து முடிவாயிடுச்சு" என்றார். சரி என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலமே பிரிக்கும் அறையில் போய் நின்று, "நான் வந்தா முதல் மாசமே கையுறை" என்று சொன்னேன். கண்ணாடியக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் பழைய தழும்பு இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் திரைக்குப் பின்னால் போனேன். சீட்டில் இரண்டு பெயர். ஒருவர் எதையும் கேட்கமாட்டார். இன்னொருத்தி பொய் சொல்கிறாள். இருவரையும் பிடிக்கவில்லை. அதில் ஒருத்தி நான். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை, அண்ணி. மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் அவ்வளவு வேர்த்தது.

என் ஓட்டை எனக்கே போட்டிருந்தால் இருபத்தொன்றும் இருபத்தொன்றும் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்தபோது என்மேலேயே இருந்த கோபத்தைக் கொட்ட ஓர் இடம் தேடினேன். நீங்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். 'வேண்டாம்' என்று ஏற்கெனவே ஊரறியச் சொன்ன ஆள். உங்கள் தலையில் கட்டினேன். நீங்கள் தலையாட்டியதும் பயந்துபோய்விட்டேன். இனிமேல் எப்படி உண்மையைச் சொல்வது? அதனால்தான் ஊரைவிட்டே வந்தேன். தோற்றதற்காக இல்லை.

கையுறைப் படம் போட்டது யார் என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றி மூன்று தடவை படித்தேன்.

இப்போது என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

நா.

&nbsp;

ஏப்ரல் 11

வக்கீலம்மா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். மூன்று வருடம், அடி பாவி! எத்தனை பேர் முகத்தை நான் சந்தேகத்தோடு பார்த்தேன் தெரியுமா? இஸ்திரிக்காரியோடு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை, அவள்தான் என்று நினைத்து. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் பேனா எடுத்தேன். நடுவில் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகையும் வந்தது. உனக்கே உன்னைப் பிடிக்காத அன்று, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் ஒன்றும் கேட்கவில்லையே.

நேற்று புது மனு வாங்கும் கூட்டம். பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து சொன்னேன். "போன தேர்தல்ல வெத்துச் சீட்டு என்னோடது இல்லை. நான் இவருக்குப் போட்டேன். என் நாத்தனார் ஜெயிக்கக் கூடாதுன்னு போட்டேன். மூணு வருஷமா உங்களை ஏமாத்திட்டேன்." 

 சரிங்கசார்தான் முதலில், "எனக்கா போட்டீங்க?" என்று கேட்டு, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு ஸ்டோர்காரர் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். "இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார், அக்கா என்று சொல்லவில்லை. வலித்தது. ஆனால் நியாயம்தான்.

கண்ணாடியக்கா மனுப் போட்டிருக்கிறாள். மைக்செட்டும் போட்டிருக்கிறார், சரிங்கசார் போடவில்லை. கண்ணாடியக்கா நாலே வரிதான் பேசினாள்: "கையுறை வாங்கித் தர்றேன்னு சொல்லமாட்டேன். தினமும் போய்க் கேட்பேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு தினமும் வந்து உங்ககிட்ட சொல்லுவேன். அவ்வளவுதான்." இருபத்தைந்தாம் தேதி ஓட்டு. எனக்கு ஒரு ஓட்டு இருக்கிறது, யாருக்கு என்பதில் இந்தத் தடவை குழப்பம் இல்லை.

கூட்டம் கலையும்போது இஸ்திரிக்காரி கேட்டாள்: "அப்ப அந்த வெத்துச் சீட்டு யாரோடது?" எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடியக்கா என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொன்னேன். மூன்று வருடமாக எனக்காகப் பொய் சொன்னேன், இது உனக்காகச் சொன்னது. இதை ரொம்ப நாள் என்னால் சுமக்க முடியாது. அவள் உன் கையைப் பிடித்து நம்பும்படி பொய் சொன்னவள் நீ. அவளிடம் சொல்ல வேண்டியதும் நீதான். கடிதத்தில் வேண்டாம், நேரில் வா.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு உன் அண்ணன் ஸ்டேஷனில் நிற்பார். என்ன ஏது என்று அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, சட்டையை மட்டும் தேய்த்து வைத்திருக்கிறார். நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, உனக்கும் போயிருக்காது. சமைத்து வைத்திருப்பேன். முதலில் சாப்பிடு, அப்புறம் உட்கார்ந்து நிதானமாகச் சண்டை போடலாம்.

அண்ணி